என்டர் தட்டினால் எந்த பட்டன் அழுந்தும்?

கல்லூரி விடுதி விண்ணப்பம், உதவித்தொகை விண்ணப்பம், மண்டப முன்பதிவு என்று எனக்கு வருகிற வெப்சைட் வேலையில் பாதிக்கு மேல் ஃபார்ம்கள்தான். அவற்றை நிரப்புகிறவர்களைப் பார்த்தால் இரண்டு வகை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, மவுஸைத் தொடாமலே டேப், டேப், என்டர் என்று விரட்டிக்கொண்டு போகிற ஆபரேட்டர் ஒருவர். பஸ்ஸில் நின்றபடி ஒரு கையில் போனைப் பிடித்துக் கட்டைவிரலால் தட்டுகிற மாணவர் இன்னொருவர். கடைசித் தேதி அன்று இரண்டு பேருக்குமே பட்டன் சொன்னபடி வேலை செய்தாக வேண்டும்.

பட்டனை எப்படி நடத்துவது என்று பிரவுசரிடம் ஏற்கெனவே ஒரு நடைமுறை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு அதன் வழியே போனால், இது எந்தப் பிரவுசர் என்று கண்டுபிடித்துத் தனித்தனியாகக் கோடு (நிரல் வரிகள்) எழுத வேண்டிய தேவை அநேகமாக வருவதில்லை. அந்த நடைமுறையை ஒரு விடுதி விண்ணப்பத்தை வைத்தே சொல்லிக்கொண்டு போகிறேன். மேலே மாணவரின் படமும் 'படத்தை நீக்கு' பட்டனும், நடுவில் பெயர், முகவரி, பின்கோடு, கீழே 'வரைவாகச் சேமி', 'சமர்ப்பி' என இரண்டு பட்டன்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

டைப் எழுதாத பட்டன்

ஃபார்முக்குள் ஒரு பட்டன் டேகை டைப் (எந்த வகைப் பட்டன் என்று சொல்லும் பண்பு) சொல்லாமல் எழுதினால், அது சப்மிட் பட்டன், அதாவது ஃபார்மை அனுப்பும் பட்டன். பக்கத்தை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் விதியே அதுதான். டைப்பில் எழுத்துப்பிழை விட்டாலும் சப்மிட் என்றுதான் எடுத்துக்கொள்ளும். குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றும் இதில் ஒன்றுபோல நடந்துகொள்கின்றன.

இதோடு என்டர் சேரும்போதுதான் சிக்கல். கர்சர் ஒரு டெக்ஸ்ட் ஃபீல்டில் இருக்கும்போது என்டர் தட்டினால், பிரவுசர் அந்த ஃபார்முக்குச் சொந்தமான சப்மிட் பட்டன்களில் முதலாவதைத் தேடி எடுத்து, அதை யாரோ கிளிக் செய்ததுபோல நடந்துகொள்ளும். எது முதலாவது என்பதை முடிவு செய்வது எச்டிஎம்எல்லில் எழுதிய வரிசை. தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் ஃபிளெக்ஸ் போட்டு வரிசையைத் தலைகீழாகக் காட்டினாலும் பிரவுசருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

இப்போது நம் விண்ணப்பத்துக்கு வருவோம். 'படத்தை நீக்கு' பட்டனுக்கு டைப் எழுதவில்லை. ஆபரேட்டர் பின்கோடின் ஆறு இலக்கத்தை அடித்துவிட்டுப் பழக்கத்தில் என்டர் தட்டுகிறார். கோடில் முதலில் நிற்கும் சப்மிட் பட்டன் எது? 'படத்தை நீக்கு'தான். பிரவுசர் அதைக் கிளிக் செய்கிறது. படம் போய்விடுகிறது. அது திரையில் மேலே எங்கோ நடந்ததால் அவர் கவனிப்பதும் இல்லை. படம் இல்லாத விண்ணப்பம் என்று பிறகு யாரோ ஒரு மாணவரைத் திருப்பி அனுப்புவார்கள்.

இதே ஃபார்மை ஆண்ட்ராய்டு போனில் சோதித்தால் குறை தெரியவே தெரியாது. பின்கோடுக்குக் கீழே இன்னும் ஃபீல்டுகள் இருந்தால், கீபோர்டில் என்டர் இருக்கும் இடத்தில் 'அடுத்து' என்ற அம்புக்குறி வரும். அதைத் தட்டினால் அடுத்த ஃபீல்டுக்குத் தாவும், அவ்வளவுதான். போனை மட்டும் வைத்துச் சோதித்தவர் எல்லாம் சரி என்று சொல்லிவிடுவார்.

செய்ய வேண்டியது எளிது. ஃபார்மை அனுப்பாத ஒவ்வொரு பட்டனுக்கும் டைப் 'பட்டன்' என்று எழுதுங்கள். அனுப்புகிற பட்டனுக்கும் 'சப்மிட்' என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள், அடுத்து அந்தக் கோடைத் தொடுகிறவர் யூகிக்க வேண்டியிருக்காது. பழைய புராஜெக்ட் கைக்கு வந்தால் நான் முதலில் செய்கிற வேலை, டைப் இல்லாத பட்டன்களை மொத்தக் கோடிலும் தேடி எடுப்பதுதான். காலெண்டர், பாஸ்வேர்டைக் காட்டும் கண் ஐகான், பாப்அப்பை மூடும் எக்ஸ் ஆகியவை ஃபார்முக்குள் மாட்டிக்கொண்டு இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அநேகமாக அங்கேதான் அகப்படும்.

அப்புறம், 'வரைவாகச் சேமி', 'சமர்ப்பி' இரண்டுமே உண்மையான சப்மிட் பட்டன்கள். என்டர் எதற்குப் போக வேண்டும்? வரைவுக்குத்தான் என்பேன். சமர்ப்பித்த பிறகு திருத்த முடியாத விண்ணப்பத்தில், கைதவறித் தட்டிய ஒரு என்டர் ஒரு பிள்ளையின் இடத்தைப் பறித்துவிடக் கூடாது. அதனால் கோடில் வரைவு பட்டனை முதலில் வைக்கிறேன். பாதி நிரப்பிய ஃபார்மையும் சேமிக்க வேண்டும் என்பதால் அந்தப் பட்டனுக்கு மட்டும், சரிபார்க்காமல் அனுப்பச் சொல்லும் ஃபார்ம்நோவேலிடேட் பண்பையும் சேர்க்கிறேன்.

இன்னும் இரண்டு விதிகள். ஃபார்மில் சப்மிட் பட்டனே இல்லாமல், டிவ் (வெறும் பெட்டி) ஒன்றைப் பட்டன் மாதிரி அலங்கரித்து வைத்தால், ஒரே டெக்ஸ்ட் ஃபீல்டு இருக்கும் ஃபார்ம் என்டருக்கு அனுப்பும், இரண்டு ஃபீல்டு இருந்தால் அனுப்பாது. தேடல் பெட்டியில் என்டர் வேலை செய்கிறது, லாகின் பக்கத்தில் செய்யவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். இரண்டாவது, அந்த முதல் சப்மிட் பட்டன் டிசேபிள் ஆகி முடங்கியிருந்தால் என்டர் எதையும் செய்யாது, அடுத்த பட்டனுக்கும் தாவாது.

அதனால்தான், எல்லா ஃபீல்டும் நிரம்பும்வரை 'சமர்ப்பி'யை மங்கலாக வைத்திருப்பது எனக்குப் பிடிக்காது. என்ன குறை என்று அது சொல்வதில்லை. லாகின் பக்கத்தில் இன்னும் மோசம். குரோம் சேமித்து வைத்த பாஸ்வேர்டைத் தானே நிரப்பிக் காட்டும், ஆனால் பயனர் பக்கத்தை ஒருமுறை தொடும்வரை அந்த மதிப்பை ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொடுக்காது. கண்ணுக்கு எல்லாம் நிரம்பியிருக்கும், பட்டன் மட்டும் செத்துக் கிடக்கும். பட்டனை உயிரோடு விடுங்கள். அழுத்தட்டும், எந்த ஃபீல்டில் என்ன குறை என்று அப்போது சொல்லுங்கள்.

கிளிக்கைக் கேட்பதா, சப்மிட்டைக் கேட்பதா

ஃபார்மைச் சரிபார்த்து அனுப்பும் கோடைப் பட்டனின் கிளிக் ஈவென்டில் (அழுத்தும்போது பிரவுசர் எழுப்பும் அறிவிப்பு) மாட்டாதீர்கள். ஃபார்மின் சப்மிட் ஈவென்டில் மாட்டுங்கள். மவுஸில் அழுத்தினாலும், விரலால் தொட்டாலும், ஸ்பேஸ் தட்டினாலும், என்டர் தட்டினாலும், போன் கீபோர்டின் 'கோ' விசையை அழுத்தினாலும் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். ஃபார்ம்நோவேலிடேட் இல்லாத பட்டன் என்றால், கட்டாய ஃபீல்டுகளைப் பார்க்கும் பிரவுசரின் ரிக்வயர்டு சோதனைகள் முடிந்த பிறகுதான் வரும் என்பதால், வெற்று ஃபீல்டைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

எந்த பட்டன் அனுப்பியது என்று தெரிய வேண்டுமா? சப்மிட் ஈவென்டிலேயே சப்மிட்டர் என்ற பண்பு இருக்கிறது. 2022 மார்ச்சில் வந்த சஃபாரி 15.4-லிருந்து எல்லா முக்கிய பிரவுசர்களிலும் உண்டு. இது வருவதற்கு முன்பு பலர் ஆக்டிவ்எலிமென்ட்டைப் பார்த்து, ஃபோகஸ் எந்த பட்டனில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். விண்டோஸில் அது பலிக்கும். மேக் சஃபாரியில் பலிக்காது. அங்கே பட்டனைக் கிளிக் செய்தால் அதற்கு ஃபோகஸ் போவதில்லை. பழைய கோடில் இந்த வழக்கம் இருந்தால் மாற்றிவிடுங்கள். ஐபோனிலும் பட்டனைத் தொட்டால் அதற்கு ஃபோகஸ் போவதில்லை.

ஜாவாஸ்கிரிப்டிலிருந்து ஃபார்மை அனுப்ப வேண்டியிருந்தால் சப்மிட் என்ற மெத்தடை அழைக்காதீர்கள். அது சரிபார்ப்பையும் செய்யாது, சப்மிட் ஈவென்டையும் எழுப்பாது, நேரே அனுப்பிவிடும். ரிக்வெஸ்ட்சப்மிட்டை அழையுங்கள். பட்டனை அழுத்தியதுபோல முழு வழியிலும் போகும். சஃபாரியில் இது 16-ஆம் பதிப்பில், 2022 செப்டம்பரில்தான் வந்தது. அதைவிடப் பழைய ஐபோன்களுக்கு, சப்மிட் பட்டனை எடுத்து அதன் கிளிக் மெத்தடை அழைத்தால் போதும்.

பட்டனுக்கு நேம் என்று 'சப்மிட்' வைத்துவிட வேண்டாம். அந்தப் பெயர் ஃபார்மின் சப்மிட் மெத்தடை மறைத்துவிடும். பிறகு அந்த மெத்தடை எங்கே அழைத்தாலும் 'அது ஃபங்ஷனே இல்லை' என்று பிழை வரும்.

இரண்டு முறை அழுத்துகிறவர்கள்

நெட்வொர்க் மந்தமாக இருக்கும்போது யாராக இருந்தாலும் மறுபடி அழுத்தத்தான் செய்வார்கள். அது அவர்கள் தவறில்லை. முதல் அழுத்தம் பதிவானது என்று நாம் சொல்லவில்லையே. அழுத்திய உடனே பட்டனின் எழுத்து 'அனுப்புகிறது…' என்று மாற வேண்டும்.

பட்டனை டிசேபிள் செய்வதற்கும் இடம் பார்க்க வேண்டும். கிளிக் ஈவென்டில் டிசேபிள் செய்தால் ஃபார்மே போகாது. கிளிக் கையாளல் முடிந்ததும் பட்டன் டிசேபிள் ஆகியிருக்கிறதா என்று பிரவுசர் பார்க்கிறது, ஆகியிருந்தால் சப்மிட்டைத் தொடங்குவதில்லை. சப்மிட் ஈவென்டில் செய்தால் ஃபார்ம் போகும், ஆனால் அந்த பட்டனின் நேம், வேல்யூ கூடவே போகாது, ஏனென்றால் டிசேபிள் ஆனவற்றைப் பிரவுசர் தகவலில் சேர்ப்பதில்லை. 'வரைவாகச் சேமி'யா 'சமர்ப்பி'யா என்று சர்வர் அந்த மதிப்பை வைத்துத்தான் பிரிக்கிறது என்றால் எல்லாம் குழம்பிவிடும். நான் டிசேபிள் செய்வதே இல்லை. சப்மிட் ஈவென்டில் 'அனுப்பிக்கொண்டிருக்கிறது' என்று ஒரு வேரியபிளில் குறித்துக்கொள்கிறேன். இரண்டாவது சப்மிட் வந்தால் பிரிவென்ட்டிஃபால்ட் சொல்லித் தடுத்துவிடுகிறேன். ஸ்கிரீன் ரீடர் (திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்காக, பட்டன் இப்போது வேலை செய்யாது என்று அதற்குச் சொல்லும் ஏரியா-டிசேபிள்டு பண்பைச் சேர்க்கிறேன்.

பிறகு அவர் பேக் அழுத்தித் திரும்பி வருவார். குரோம் ஆண்ட்ராய்டில் 2020-லிருந்தும் கணினியில் 2021-லிருந்தும் பேக் அழுத்தினால் பக்கத்தை உறையவைத்த நிலையிலேயே திரும்பக் காட்டுகிறது. சஃபாரியும் ஃபயர்பாக்ஸும் அதற்கு முன்பிருந்தே அப்படித்தான். நீங்கள் மாற்றிய 'அனுப்புகிறது…' எழுத்தும், குறித்த வேரியபிளும் அப்படியே இருக்கும். லோடு ஈவென்ட் திரும்ப வராது. பக்கம் திரையில் தெரியும்போதெல்லாம் வரும் பேஜ்ஷோ ஈவென்டைக் கேளுங்கள், அதில் பெர்சிஸ்டெட் (உறைந்த பக்கம்தான் திரும்பியது என்ற குறி) உண்மை என்றால் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஃபயர்பாக்ஸில் கூடுதலாக ஒன்று: பக்கத்தை ரீலோடு செய்தாலும், ஜாவாஸ்கிரிப்டால் டிசேபிள் ஆன பட்டனை அது நினைவில் வைத்து மறுபடி டிசேபிளாகவே காட்டும். பட்டனுக்கு ஆட்டோகம்ப்ளீட் 'ஆஃப்' என்று எழுதினால் நிற்கும்.

இவ்வளவும் வசதிக்குத்தான். பணம் கட்டுகிற ஃபார்மில் இதை மட்டும் நம்பவே கூடாது. பக்கத்தைத் திறக்கும்போதே சர்வர் ஒரு தனி எண்ணை மறைவான ஃபீல்டில் கொடுக்கட்டும். அதே எண்ணோடு இரண்டாவது கோரிக்கை வந்தால் முதல் கோரிக்கையின் பதிலையே திருப்பித் தரட்டும். விடுதிக் கட்டணம் இரண்டு முறை பிடித்துக்கொண்டு, அதைத் திரும்ப வாங்க அலையும் பெற்றோரைப் பார்த்தவர்கள் இந்த வேலையை நாளைக்கு என்று தள்ளிப்போட மாட்டார்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவரின் என்டர்

ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. விண்டோஸ் 10-இன் 2019 மே அப்டேட்டிலிருந்து தமிழ் ஃபொனெடிக் கீபோர்டு வருகிறது. ஆங்கில எழுத்தில் அடிக்க அடிக்கக் கீழே தமிழ்ச் சொற்களின் பட்டியல் வரும். சரியான சொல்லை என்டர் தட்டித் தேர்ந்தெடுப்பவர்கள் நிறைய. அந்த என்டர் சொல்லை முடிப்பதற்கானது, ஃபார்மை அனுப்புவதற்கானது இல்லை. பிரவுசருக்கு இது தெரியும், அனுப்பாது. ஆனால் நீங்கள் கீடவுன் ஈவென்டில் 'என்டர் வந்தால் அனுப்பு' என்று சொந்தமாக எழுதியிருந்தால், 'கயல்விழி' என்று அடிக்கப் போனவரின் பெயர் பாதியிலேயே போய்விடும்.

அதனால் அப்படி எழுதாதீர்கள். சாட் பெட்டி மாதிரி எழுதியே ஆக வேண்டிய இடங்களும் உண்டு. டெக்ஸ்ட்ஏரியாவில் என்டர் புது வரி போடும், அனுப்பாது, நாம்தான் எழுத வேண்டும். அங்கே ஈவென்டின் இஸ்கம்போசிங் (சொல் இன்னும் முடியவில்லை என்ற குறி) உண்மையாக இருந்தால் ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுங்கள். சஃபாரிக்கு இது மட்டும் போதாது. அது சொல் முடிந்தது என்று முதலில் அறிவித்துவிட்டு அப்புறம்தான் கீடவுனை அனுப்புகிறது, அதனால் இஸ்கம்போசிங் பொய் என்று காட்டும். கீகோடு (விசையின் எண்) 229 என்றிருந்தாலும் விட்டுவிட வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள்.

போன் கீபோர்டு

என்டர்கீஹின்ட் என்ற பண்பால் கீபோர்டின் என்டர் விசையில் என்ன தெரிய வேண்டும் என்று சொல்லலாம்: நெக்ஸ்ட், டன், கோ, சர்ச், சென்ட். இது விசையின் முகத்தை மாற்றும், வேலையை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசி ஃபீல்டுக்கு மட்டும் 'கோ' அல்லது 'சென்ட்' கொடுங்கள். ஃபீல்டுகளை உண்மையான ஃபார்ம் டேகுக்குள், ஆக்ஷன் எழுதி வைத்தால் ஐபோன் தானாகவே 'கோ' காட்டும்.

திரையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'சமர்ப்பி' பட்டன் போனில் அழகாகத்தான் இருக்கும், கீபோர்டு மேலே வரும்வரை. ஐபோனில் கீபோர்டு வந்தாலும் பக்கத்தின் உயரம் குறைவதில்லை, பட்டன் அதன் பின்னால் மறைந்துவிடும். ஆண்ட்ராய்டு குரோமில் முன்பெல்லாம் பக்கம் சுருங்கிப் பட்டன் மேலே ஏறி வரும். 2022 நவம்பரில் வந்த குரோம் 108-லிருந்து அதுவும் ஐபோன் வழிக்கு மாறிவிட்டது. பழைய நடத்தை வேண்டும் என்றால் திரை அளவைச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேகில் இன்டராக்டிவ்-விட்ஜெட் என்பதற்கு ரீசைசஸ்-கன்டென்ட் கொடுக்கலாம். நீண்ட விண்ணப்பங்களில் நான் பட்டனை அடியில் ஒட்டுவதே இல்லை. கடைசி ஃபீல்டுக்குக் கீழே, அது இருக்க வேண்டிய இடத்தில் விட்டுவிடுகிறேன். ஒட்டித்தான் ஆக வேண்டும், அதுவும் ஃபார்முக்கு வெளியே வைக்க வேண்டும் என்றால், பட்டனின் ஃபார்ம் பண்பில் அந்த ஃபார்மின் ஐடியைக் கொடுங்கள், ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் அனுப்பும்.

நழுவும் பட்டன்

கணினியில் மட்டும் வரும் ஒரு புகார்: 'சமர்ப்பியை முதல் தடவை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை, இரண்டாவது தடவைதான் போகிறது.' நிதானமாகப் பாருங்கள். பயனர் கடைசி ஃபீல்டில் போன் எண்ணைத் தப்பாக அடித்துவிட்டு மவுஸைப் பட்டன்மேல் அழுத்துகிறார். அழுத்திய அந்தக் கணம் ஃபீல்டு ஃபோகஸை இழக்கிறது, பிளர் ஈவென்ட் வருகிறது, உங்கள் கோடு ஃபீல்டுக்குக் கீழே சிவப்பில் ஒரு வரி காட்டுகிறது. அந்த வரியின் உயரத்துக்குப் பட்டன் கீழே நழுவுகிறது. விரலை எடுக்கும்போது மவுஸின் அம்பு பட்டன்மேல் இல்லை. அழுத்தியது ஓர் இடம், விட்டது ஓர் இடம் என்பதால் பட்டனுக்குக் கிளிக்கே போகவில்லை.

போனில் தொட்டு எடுத்த பிறகுதான் மவுஸ் ஈவென்ட்கள் அடுத்தடுத்து வருகின்றன, இடையில் நேரமே இல்லை. அதனால் அங்கே அநேகமாகத் தெரியாது. பிழை வரிக்கு முன்கூட்டியே குறைந்தபட்ச உயரம் ஒதுக்கி வையுங்கள், அல்லது ஃபீல்டை விட்டு வெளியேறும்போது பிழை காட்டாமல் சமர்ப்பிக்கும்போது காட்டுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், அடித்து முடிப்பதற்குள் திட்டு வாங்க யாருக்கு ஆசை?

தோற்றத்தைப் பற்றிக் கொஞ்சம்

பட்டன் பக்கத்தின் எழுத்துருவைத் தானாக எடுத்துக்கொள்ளாது. ஃபான்ட் 'இன்ஹெரிட்' எழுதாவிட்டால் தமிழ் எழுத்து பட்டனில் மட்டும் வேறு உருவில் நிற்கும். எழுத்தின் நிறத்தையும் சொல்லிவிடுங்கள், ஐஓஎஸ் 15-லிருந்து சொல்லாத பட்டன் நீலமாகிவிடுகிறது. ஹோவர் நிறத்தை (மவுஸ் மேலே வரும்போது மாறும் நிறம்) ஹோவர் மீடியா குவெரிக்குள் வையுங்கள், இல்லையென்றால் போனில் தொட்டுவிட்ட பட்டன் அழுத்தியபடியே தெரியும். ஃபீல்டின் எழுத்து 16 பிக்சலுக்குக் கீழே போனால் ஐபோன் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும், 'சமர்ப்பி' திரைக்கு வெளியே போய்விடும்.

பட்டனின் அளவுக்கு 2023 அக்டோபரில் வந்த இணைய அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2 சொல்லும் குறைந்தபட்சம் 24-க்கு 24 பிக்சல். ஆப்பிள் 44, கூகுள் 48 என்கின்றன. நான் 48 வைக்கிறேன். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் அகலத்தை மட்டும் பூட்டிவிடாதீர்கள், 'வரைவாகச் சேமி' சின்னத் திரையில் இரண்டு வரியாக உடைந்தாலும் பட்டன் தாங்க வேண்டும். தொட்டதும் பதில் வரத் தாமதம் என்று 300 மில்லிசெகண்டுக்குத் தனி லைப்ரரி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். வியூபோர்ட்டில் டிவைஸ்-விட்த் இருந்தால் குரோம் 2014-லும் ஐபோன் 2016-லும் அந்தத் தாமதத்தை நீக்கிவிட்டன.

ஒப்படைக்கும் முன்

ஒரு ஃபார்மை ஒப்படைப்பதற்கு முன் முதலில் மவுஸை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு டெக்ஸ்ட் ஃபீல்டிலும் நின்று என்டர் தட்டுகிறேன். பிறகு டெவ்டூல்ஸில் (பிரவுசரோடு வரும் சோதனைக் கருவி) நெட்வொர்க்கை மந்தமாக்கி 'சமர்ப்பி'யைப் படபடவென்று தட்டுகிறேன், பேக் போய்த் திரும்பிப் பார்க்கிறேன். பெயரைத் தமிழில் அடிக்கிறேன். விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஒன்றிலும், யாரிடமாவது இரவல் வாங்கிய ஐபோன் ஒன்றிலும் கீபோர்டு மேலே வந்திருக்கும் நிலையில் கடைசி ஃபீல்டிலிருந்து பட்டனை எட்ட முடிகிறதா என்று பார்க்கிறேன். குரோமின் டெவ்டூல்ஸ் காட்டும் போன் திரையை இதற்கு நம்பக் கூடாது, அதில் கீபோர்டே மேலே வராது. கையில் ஐபோன் கிடைக்காவிட்டால், மேக் வைத்திருப்பவரிடம் சொல்லி ஆப்பிளின் ஆப் உருவாக்கும் கருவியான எக்ஸ்கோடுடன் வரும் சிமுலேட்டரில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஓடுவது உண்மையான ஐஓஎஸ் சஃபாரி, கீபோர்டும் வரும்.